உதறாத சாக்கு

லப்பைக்குடிக்காடு
ஜனவரி 9, 2025

அன்புள்ள ரீனாவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளடி. உசாமா இப்போதுதான் தூங்கினான். கீழே படுக்க வைத்தால் மூச்சு இழுக்கிறது. சுவரில் சாய்ந்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஹாஸ்டலில் திட்டின மாதிரி திட்டாதே.

வாட்ஸ்அப் இருக்கும்போது லெட்டர் எதற்கென்று கேட்பாய். என் நம்பர்தான் இப்போது சாக்குக் கடை நம்பர். வருகிற மெசேஜை எல்லாம் மாமாவும் மச்சானும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். போனில் பேசினாலோ மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரீனாவா? நான் கேட்டேன்னு சொல்லு" என்பார். அப்புறம் நான் எதைச் சொல்ல?

முதலில் நல்ல சேதி. மச்சான் ஷார்ஜா வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். எல்லாம் உங்கள் சிமெண்ட் கம்பெனியில் நீ வாங்கிக் கொடுத்த சாக்கு வேலையால்தான். வந்த புதிதில் உசாமா பெற்ற தகப்பனிடம் போகவே இல்லை. "அத்தா எங்கடா?" என்றால் போனைக் காட்டுவான். இப்போது அவர் கால்மாட்டிலேயே கிடக்கிறான். அதைப் பார்க்கும்போது உன்னை வாழ்த்தாத நாள் இல்லை.

ஆனால் ரீனா, அந்தச் சாக்கு.

கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் சுற்றி, காலி சிமெண்ட் சாக்குகளை மாமா வாங்கி வருகிறார். உருக்குகிற ஃபேக்டரிக்காரன் சுத்தமான சாக்கைத்தான் எடுப்பான். அதனால் ஆண்டாயி அக்காவும் இன்னும் சில பெண்களும் கொல்லையில் ஒவ்வொன்றாக உதறுகிறார்கள். கொல்லைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். அதைச் சாத்தி, ஈரத்துணி தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் துணியை எடுத்தால் அட்டை மாதிரி விறைத்திருக்கிறது. அது போதாதென்று, உதறி விழுந்ததைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டுகிறார் மாமா. "வீணாப் போவலாமாம்மா? ஒரு செப்டிக் டேங்க் பூசலாம்" என்கிறார். உதறும்போது பறப்பது பாதி, கூட்டும்போது பறப்பது மீதி.

பெரம்பலூர் டாக்டர், "வீட்டுக்கிட்ட ஏதும் தூசி வேலை நடக்குதா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னே மாமி, "இல்லீங்க, மார்கழிப் பனி" என்றுவிட்டார். டாக்டரும் நீராவி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் மறுபடி பிளேன் ஏறிட்டான்னா நான் தாங்க மாட்டேன் ஃபர்ஹா" என்றார். யாரைக் கோபித்துக்கொள்வது?

நீ ஏதாவது செய்ய முடியுமா?

உன்
ஃபர்ஹா


சென்னை
ஜனவரி 20, 2025

அன்பு ஃபர்ஹா,

உன் லெட்டரை ஆபீஸ் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். குட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீராவி மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. போன ஆடியில் நாங்கள் பார்க்க வந்தபோது கொல்லை கண்ணாடி மாதிரி இருந்ததே. தூசியே இல்லையென்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். உன் மாமியின் பிரியாணியைப் பற்றி எங்கள் சார் இன்னும் பேசுகிறார்.

எங்கள் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைப் புகையோடு முடிவதில்லை. எங்களுக்காக வெளியில் ஓடுகிற லாரி, நெய்கிற சாக்கு, எல்லாவற்றின் கார்பன் கணக்கையும் குறைக்க வேண்டும். பழைய சாக்கு புதுச் சாக்காகத் திரும்பினால் ஒரு பங்கு குறையும். முதலில் திருச்சிப் பக்கம் தூசி உறிஞ்சுகிற மெஷினோடு ஒரு ஷெட் போடுவதாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் லாரி ஓடினால் மிச்சப்படுவது புகையாகவே போய்விடும் என்று உங்கள் கொல்லையைச் சொன்னது நான். அதற்காக மேடையில் ஏற்றிக் கை தட்டினார்கள். இப்போது நானே போய் அது தப்பு என்று சொல்ல வேண்டும்.

சொன்னாலும் பயமாக இருக்கிறது. புகார் என்று எழுதினால் உங்களை மாற்றிவிட்டு வேறொரு வீட்டுக் கொல்லையைப் பிடிப்பார்கள். அங்கேயும் ஒரு பிள்ளை இருக்கும்.

பிப்ரவரி 12 அன்று சாரெல்லாம் வருகிறார்கள், நானும் வருகிறேன். மாமாவுக்கு முறைப்படி தகவல் போகும். கண்ணால் பார்த்தால் பேச வசதியாக இருக்கும். அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்,
ரீனா


லப்பைக்குடிக்காடு
பிப்ரவரி 2, 2025

அன்புள்ள ரீனாவுக்கு,

உன் லெட்டரை மறுபடி மறுபடி படித்தேன். கோபமெல்லாம் இல்லை. நீயாவது தப்பு என்ற சொல்லை எழுதினாய்.

கொல்லை கண்ணாடி மாதிரி இருந்தது என்றாயே, அது ஏன் என்று கேள். நீங்கள் வரப்போகிறீர்கள் என்றதும் மாமா வேலையையே நிறுத்திவிட்டார். பெண்களுக்கு லீவு விட்டு, மோட்டார் போட்டுக் கொல்லையைக் கழுவி, கிடந்த சாக்கையெல்லாம் பக்கத்துத் தோப்புக்குக் கடத்தி, வாசலில் பந்தல்கூடப் போட்டார். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை ரீனா. விருந்தாளி வருகிற வீட்டில் தூசி பறக்கலாமா என்பதுதான் அவருக்கு. எனக்கும் அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. தேங்காய்ப்பால் பிழிந்து கொடுத்ததே நான்தான்.

இப்போதும் தகவல் வந்துவிட்டது. விருந்துக்குக் கெடா சொல்லியாகிவிட்டது. "பத்தாந்தேதியோட உதறுறத நிறுத்திரணும், சாருங்க வெள்ளைச் சட்டையோட வருவாங்க" என்று மாமா ஆண்டாயி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கா, "அப்ப எங்க நெஞ்சுக்கும் ரெண்டு நாள் லீவுங்களா பாய்?" என்று சிரித்துவிட்டு இருமியது. மாமாவும் சிரித்தார். நான் உள்ளே பிள்ளைக்கு நீராவி பிடித்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் உசாமாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் திரும்பப் போயிடட்டுமா?" என்றார். இரண்டே வாசல்தான் ரீனா. ஒன்றில் பிள்ளைக்கு மூச்சு இல்லை, ஒன்றில் அத்தா இல்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய. ஒன்று தோன்றுகிறது, சரியா என்று நீ சொல். அரியலூரில் உங்கள் ஆலையிலிருந்து சிமெண்ட் ஏற்றி வருகிற லாரி, இறக்கிவிட்டுத் திரும்பும்போது சும்மாத்தானே போகிறது? உதறாத சாக்கை அப்படியே வாயைக் கட்டி, அடுக்கி, அதில் ஏற்றிவிட்டால் என்ன? ஆலையில் தூசி உறிஞ்சுகிற மெஷின் இருக்கிறது என்று நீயே காட்டியிருக்கிறாய். அங்கே உறிஞ்சிய தூள் அங்கேயே சிமெண்டோடு சேர்ந்துவிடும். சுத்தமான சாக்கு அங்கிருந்து உருக்கப் போகட்டும். எப்படியும் ஓடப்போகிற லாரி, அதனால் உன் கணக்கு பெரிதாகக் கெடாது. சாக்கு சேர்ப்பது, தரம் பிரிப்பது, கட்டுவது எல்லாம் எங்களிடமே இருக்கும். பெண்களுக்கும் வேலை போகாது. மச்சானிடம் இதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, "லாரிக்காரங்ககிட்ட நான் பேசுறேன்" என்றார். ஆலைக்காரர்களிடம் பேச எங்களுக்கு ஆள் நீதான்.

ஆனால் பன்னிரண்டாம் தேதி வந்தால் நீ பார்க்கப் போவது கழுவின கொல்லையைத்தான். அதைப் பார்த்துவிட்டு யாரிடம் என்ன பேசுவாய்? மாமாவைத் தடுக்க என்னால் முடியாது. விருந்தை மறுக்கச் சொன்னால் அவர் மனசு உடைந்துவிடும்.

அதனால் பத்தாம் தேதிக்கு முன்னால் ஒருநாள், நீ மட்டும், சொல்லாமல் வா. வாசல் வழியாக வராதே, மாமி சேர் எடுத்துப் போட்டுவிடுவார். தோப்புப் பக்கம் சுற்றி நேராகக் கொல்லைக்கு வா. கொஞ்ச நேரம் அங்கே நின்று மூச்சு விட்டுப் பார். பிறகு உள்ளே வந்து உசாமாவின் நெஞ்சில் காது வை. அதற்கப்புறம், தப்பு எங்கள் கொல்லையில் இல்லை, நீங்கள் போட்ட திட்டத்தில் என்று எழுத உனக்கு மனசு வந்தால் எழுது. வரவில்லை என்றால் பெட்டி கட்ட வேண்டியது மச்சானா நானா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்போது உங்கள் ஆபீஸ் தகவலும் தபாலில் வருவதால், உன் லெட்டரை மாமா பிரித்தாலும் பிரிப்பார். வருகிறேன் என்று மட்டும் போடு. எந்த நாள் என்று எழுதாதே, தெரிந்தால் நானே கொல்லையைக் கூட்டிவிடுவேன்.

சீக்கிரம் பதில் போடு.

உன்
ஃபர்ஹா