தொப்பியைக் கழற்றியவளுக்கு

இன்று வியா மக்வேதாத் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சோளப்பொரிப் பொதி ஒன்றைக் கண்டேன். அதில் ஒருவன் படம்: பெரிய தொப்பி, முறுக்கு மீசை, கையில் எரிகிற மிளகாய். மேலே கொட்டை எழுத்தில் மெக்சிக்கோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் உள்ளே போய்க் கடைக்காரரோடு ஒரு பாட்டம் கதைத்துவிட்டுத்தான் வந்திருப்பாய். போன மாரியில் உன்னைப் புதைத்தோம். உன் வாயைப் புதைத்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொலிதேயாமா அரங்குப் பக்கம் அந்த மெக்சிக்கோ உணவகம் திறந்தது. நீ சமையல், நான் கோப்பை கழுவுகிற வேலை. மெக்சிக்கோவில் பிறந்தவள் அங்கே நீ ஒருத்திதான். ஆனாலும் உன் நாட்டுச் சாப்பாடு எப்படி இருக்கவேண்டும் என்று இத்தாலிய முதலாளி உனக்குப் படிப்பித்தார். எல்லாவற்றிலும் மிளகாய்த்தூளைக் கொட்டு, கண்ணீர் வந்தால்தான் சனம் திரும்பி வரும் என்றார்.

"என்ரை அம்மா எங்களை அழவைக்கவோ சமைச்சவ?" என்று என்னிடம் கேட்டாய். நம் அரைகுறை இத்தாலியனில் நீ சொன்னதையெல்லாம் என் காது யாழ்ப்பாணத் தமிழாகவே வைத்திருக்கிறது.

சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, தோல் போகக் கழுவி, அரைத்துச் சுடுகிற ரொட்டிதான் உங்கள் வீட்டுச் சாப்பாடு என்றாய். தின்னக்கூடிய சுண்ணாம்புக்கு இங்கே எங்கே போவது என்று கவலைப்பட்டாய்.

"உதுக்கோ யோசிக்கிறாய்? பல்லரோச் சந்தையிலை எங்கடை ஆக்களின்ரை கடையிலை இருக்கு. நாங்கள் வெத்திலையோடை போடுறனாங்கள்" என்றேன்.

என்னைக் கட்டிப்பிடித்தாய். முதல் பானையில் நான் தாராளமாகக் கரைத்துவிட, இருவருக்கும் வாய் வெந்தது. வெற்றிலை போடுகிறவள் செய்கிற வேலையா அது! அடுத்த பானை சரிவந்தது. சுட்ட ரொட்டியை மணந்து பார்த்து நீ அழுதாய். மிளகாய் இல்லாமலே அழுகிறாய் என்று பகிடி பண்ணினேன்.

சனிக்கிழமை மதியம் முதலாளியின் விருந்தாளிகள் வந்தார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் வேலை இல்லை என்று அவர் உனக்கு முதல்நாளே சொல்லியிருந்தார். அந்தப் பொதியில் கண்டதுபோன்ற ஒரு பெரிய தொப்பியைப் போட நீ மறுத்ததால், அதை என் தலையில் வைத்து வாசலில் நிறுத்தினார். நானும் கறுப்புத்தானே, யார் கேட்கப்போகிறார்கள்! வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். நீ மாக் கையோடு வந்து அதைக் கழற்றினாய்.

"இவள் யாழ்ப்பாணம். நான் மெக்சிக்கோ. இருந்து சாப்பிடுங்கோ, என்னெண்டு சொல்லுறன்."

ரொட்டி, அவித்த அவரை, வதக்கிய பூசணிப்பூ. மிளகாய்ச் சம்பல் தனியாக ஒரு சின்னக் கோப்பையில், வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ள. ஒவ்வொன்றையும் நீ சொல்லச் சொல்ல அவர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே உன்னை வேலையால் நிறுத்தினார்.

"வேலைதான் போச்சு. என்ரை நாட்டை அவருக்குக் குடுக்கேல்லை" என்றாய். நானும் உன்னோடு வெளியே வந்தேன். பிறகு இருவரும் வீடுகள் துடைத்தோம், ஞாயிறுகளில் சேர்ந்து சமைத்தோம். இப்போது ஞாயிறு வந்தால் உன்னைத் தேடுது.

போன கிழமை நான் வேலை செய்கிற வீட்டின் எசமானி சிஞ்ஞோரா விருந்தாளிகளிடம், "இவளின்ரை ஆக்கள் நெருப்பு மாதிரி உறைப்புத்தான் தின்னுவினம்" என்றார். முந்தி என்றால் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போயிருப்பேன்.

"பொறுங்கோ சிஞ்ஞோரா, அதை நான் சொல்லுறன்" என்றேன். கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு அவர்களுடைய மேசையில் இருந்து, எங்கள் உறைக்காத தேங்காய்ப்பாற் சொதியிலிருந்து தொடங்கினேன்.