புல்வாரியும் சட்டைப்பைச் சாவியும்

மே 4, திங்கள்

வந்துவிட்டது. லாரிக்காரர் தொழுவத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "எல்லாம் இருக்கு சார், மாட்ட வேண்டியதுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். படத்தில் குடை மாதிரி விரிந்து அழகாக நின்ற புல்வாரி, நேரில் ஒரு கட்டு இரும்புக் குழாயும் ஒரு பெட்டி நட்டு போல்ட்டும்தான். கூடவே, டிராக்டர் எஞ்சினோடு இணைந்து வாரியைச் சுற்றவைக்கும், பிளாஸ்டிக் உறை போட்ட நீளத் தண்டு ஒன்று. அதை மட்டும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

புல்லை வெட்டிப் போட்டால் மட்டும் போதாது. காய்ந்ததை வரிசையாகக் கூட்டி வைத்தால்தான், புல்லைக் கட்டுக்கட்டாகக் கட்டித் தரும் கட்டுக்காரர் தன் மிஷினோடு வயலுக்குள் இறங்குவார். அதற்குத்தான் இந்த வாரி. பழையதைப் போன வருஷமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

டிராக்டர் ஓட்ட ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் இன்றும் சொல்லிப் பார்த்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஆளை வச்சுட்டா நான் என்ன பண்றது? ஜன்னல்ல உட்கார்ந்து வேடிக்கை பாக்கவா?"

எழுந்து மாடுகளிடம் போய்விட்டேன். மாடுகள் என்னிடம் கேள்வி கேட்பதில்லை.

மே 5, செவ்வாய்

தூறல். பெட்டியைத் தொடவில்லை. டிராக்டர் சாவி சட்டைப்பையில் இருக்கிறது. வழக்கம்போல.

மே 6, புதன்

எங்கள் வீட்டில் பங்கு பிரித்ததெல்லாம் கல்யாணமான புதிதிலேயே முடிந்துவிட்டது. எனக்கு மாடு, அவளுக்கு டிராக்டர். எனக்கும் டிராக்டருக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஓட்டினால் நேர்கோடுகூட வெட்கப்பட்டு வளைந்துகொள்ளும். அவளோ பிறந்த வீட்டிலேயே டிராக்டரில் வளர்ந்தவள்.

போன வருஷம் இதே வேலை. வாரியில் புல் சிக்கிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தாமல் இறங்கிப் பிடுங்கப் போனாள். தண்டின் உறை பாதி உடைந்து, உள்ளே இரும்பு மூடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சால்வை அதில் மாட்டியது. நான் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் ஒரு கணம் திணறியது — அவ்வளவுதான். ஓடினேன். வாளி எங்கே உருண்டதென்று இன்றுவரை தெரியாது.

சால்வை கிழிந்ததால் பிழைத்தாள். தோள் எலும்பு மட்டும் நொறுங்கியது. வலது கை இப்போதும் தோளுக்கு மேலே எழாது.

அது நான் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த மட்டமான சால்வை. முதல் துவைப்பிலேயே நூல் பிரிந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "பாத்தீங்களா, உங்க கஞ்சத்தனம்தான் என்னைக் காப்பாத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றேன். நல்ல சால்வையாக வாங்கியிருந்தால்?

அன்றிலிருந்து சாவி என்னிடம். மைத்துனன் வரும்போது அவனிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வேன். அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

மே 8, வெள்ளி

இன்று பூட்ட ஆரம்பித்தோம். என்னவோ தெரியவில்லை, மனசு நிறைந்திருக்கிறது.

பெட்டியிலிருந்த புத்தகத்தை அவள் சத்தமாகப் படித்தாள். போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துப் பால்கேன் மூடிகளில் போட்டு வைத்தாள். முதலில் சட்டம், அதன்மேல் பல்சக்கரப் பெட்டி. கனமானதை நான் தூக்கினேன், அவள் ஸ்பானரால் முடுக்கினாள். பிறகு கைகள். வண்டிச் சக்கரத்தில் இருப்பது மாதிரி ஒரு நடுக்குடம், அதைச் சுற்றிப் பத்து நீளக் கைகள் வரும். ஒவ்வொரு கையின் நுனியிலும் வளைந்த கம்பி விரல்கள். புல்லைக் கூட்டுவது அந்த விரல்கள்தான்.

ஐந்து கை அவளுக்கு, ஐந்து எனக்கு என்று பிரித்துக்கொண்டு நடுக்குடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தோம். புத்தகம் அவள் மடியில் இருந்தது. நான் அவள் கையைப் பார்த்தே பூட்டினேன். அவள் விரலை வைத்தால் நானும் வைத்தேன், அவள் வளைவை எந்தப் பக்கம் திருப்பினாளோ, நானும் அதே பக்கம் திருப்பினேன்.

"என்னையே பாக்கறீங்களே, வேலையப் பாருங்க."

"வேலையத்தான் பாக்கறேன்."

"அதான் தெரியுதே."

இப்படி எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று? பால், தீவனம், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறோம். அவள் காதோரம் நரைத்திருப்பதை இன்றுதான் சாவகாசமாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மாலையில் வாரி குடை மாதிரி விரிந்து நின்றது. அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்னையும் ஒரு தடவை பார்த்தாள். சட்டைப்பையைப் பார்த்தாளோ?

மே 10, ஞாயிறு

மைத்துனன் வந்தான். பஸ் ஓட்டுகிறவன், வாரம் முழுக்க ஜனங்களை ஏற்றி இறக்கிவிட்டு, லீவு நாளில் எங்களுக்கு வந்து உழைக்கிறான். புல்லை வெட்டிப் போட்டான். பிறகு வெட்டும் கருவியைக் கழற்றிவிட்டு வாரியை மாட்ட வேண்டும். டிராக்டரைப் பின்னால் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அவன் டிராக்டருக்கும் வாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு, பஸ் ஸ்டாண்டு பழக்கத்தில், "வரலாம் மச்சான், வரலாம், வரலாம்…" என்று கையைக் காட்டினான்.

"நடுவுல நிக்காதடா!"

அவள் போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடுகள் திரும்பிப் பார்த்தன. அவள் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஒரே தாவலில் ஓரத்துக்குப் போனான். அதற்கப்புறம் அவள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. டிராக்டர் முழுக்க நின்று, எஞ்சின் அணைந்த பிறகே ஆள் உள்ளே போக வேண்டும். கீழே இரண்டு கொக்கி, மேலே ஒன்று, ஒவ்வொன்றும் கழன்றுவிடாமல் இருக்க ஒரு பூட்டு முள். கடைசியில் தண்டு. மாட்டியதும் அவளே குனிந்து உறையைக் கையால் சுற்றிப் பார்த்தாள், அது சுழலாமல் பிடிக்கிற சின்னச் சங்கிலிகளை இழுத்துப் பார்த்தாள். என் பழைய சட்டையை இறுக்கமாகப் போட்டு, தலைமுடியை மடக்கிக் கட்டியிருந்தாள். சால்வை இல்லை.

வாரியைத் தரைக்கு மேலே தூக்கி, வெறுமனே சுற்றவிட்டுப் பார்த்தோம். பத்துக் கையும் அழகாகச் சுற்றின. புதன்கிழமை லீவு போட்டு வந்து கூட்டித் தருவதாக மைத்துனன் சொன்னான். சாவியைத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிப் பையில் போட்டேன்.

அவன் போன பிறகு அவள் சொன்னாள்: "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். தூங்கும்போதாவது சட்டையைக் கழட்டி வைங்க. குத்துது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 12, செவ்வாய்

நல்ல வெயில். புல் கையில் எடுத்தால் சலசலக்கிறது. நாளை மாலை கட்டுக்காரர் வருகிறார். நாளை மறுநாளிலிருந்து மழை என்கிறார்கள். நனைந்தால் பூசணம் பிடிக்கும். வருகிற மாதங்களுக்கு மாடுகளின் வயிறு இந்தப் புல்தான்.

மே 13, புதன்

இன்று எழுத வரவில்லை. புல் உள்ளே வந்துவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள். நானும்.

மே 14, வியாழன்

சொன்னபடி மழை. கூரையில் கொட்டுகிறது. நேற்றையதை இன்று எழுதுகிறேன்.

காலையில் மைத்துனன் போன் செய்தான். லீவு கிடைக்கவில்லையாம். மத்தியானத்துக்கு மேல் நானே டிராக்டரில் ஏறினேன். அவள் வேலியோரம் போய் நின்றுகொண்டாள். மெதுவாகத்தான் போனேன். திரும்பிப் பார்த்தால், வரிசையும் இல்லை ஒன்றும் இல்லை. கொஞ்சம் புல் ஒரு பக்கம் சேர்கிறது, மிச்சம் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கிறது, கோழி கிளறிய மாதிரி. என் ஓட்டுதான் கோளாறு என்று இன்னொரு சுற்று போனேன். அதே கதை. வானத்தில் ஒரு ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. எரிச்சல் தலைக்கேறிவிட்டது. என்ன இழவு சிக்கியிருக்கிறதோ என்று வண்டியை நிறுத்தினேன், கியரை நியூட்ரலில் தள்ளினேன், குதித்து இறங்கி வாரிப் பக்கம் போனேன்.

"என்னங்க! சாவி! சாவி!"

அவள் ஓடி வருகிறாள். அடிபட்டதற்குப் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு கையை வீசிக்கொண்டு, இன்னொரு கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். என் சட்டைப்பையைத் தொட்டேன். காலி. சாவி வண்டியில். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு எதிரே பத்துக் கையும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நான் குனிந்து கையை நீட்டியபடி —

ஐயோ, நானேதான். நானேதான் அப்படி நின்னேன்.

கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். சுற்றிப் போய் ஏறி அணைத்தேன். சாவியை உருவினேன். வாரியின் கைகள் சுற்றி ஓயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எஞ்சின் நின்ற பிறகும் எவ்வளவு நேரம் சுற்றுகிறது அது!

அவள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், இடது கையால். நன்றாகவே வலித்தது.

"சாவியப் பையில போட்டுப் பூட்டி வச்சீங்களே, என்கிட்டேருந்துதானே காத்தீங்க? உங்ககிட்டேருந்து யாரு காக்கறது?"

"பயமா இருந்துச்சு" என்றேன். ஒரு வருஷமாகச் சொல்லாமல் இருந்தது. "எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து ஓடி வரத் தோணுது. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு மட்டும் பயமில்லையா? தினமும் அந்தத் தண்டுதான் கண்ணுல நிக்குது. பயப்படறவதான் ஒழுங்கா ஓட்டுவா. நீங்க எரிச்சல்ல இறங்கினீங்க, நான் அன்னைக்கு அவசரத்துல இறங்கினேன். ரெண்டும் ஒண்ணுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாரியைச் சுற்றி வந்தாள். ஒரு கையின் முன் நின்றாள், அடுத்ததன் முன் நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்புமாக மூச்சு முட்டியது.

"நீங்க மாட்டின அஞ்சு கையிலயும் விரல் திரும்பி இருக்கு!"

பார்த்தேன். உண்மைதான். அவள் விரல்களைத் தன் வலப்பக்கம் வளைத்தாள், எதிரே உட்கார்ந்து அதையே பார்த்து நான் என் இடப்பக்கம் வளைத்தேன். கண்ணாடியில் பார்த்துத் தலை வாருவது போல இருந்திருக்கிறது என் வேலை. அவளுடைய விரல்கள் கூட்டிய புல்லை என்னுடைய விரல்கள் தடவிக் கலைத்துவிட்டுப் போயிருக்கின்றன. வெறுமனே சுற்றியபோது யாருக்குத் தெரியும்?

"என்னையே பாத்துட்டு இருந்தா இப்படித்தான்."

அசடு வழிந்தேன். ஸ்பானர் கொண்டுவந்து, இந்தத் தடவை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் பார்க்கிற திசையிலேயே பார்த்துத் திருப்பிப் பூட்டினேன். ஐந்து கையும் முடிந்தது. அவள் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு தடவை முடுக்கிப் பார்த்தாள்.

பிறகு எழுந்து நின்றோம். சாவி என் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. அவள் கையை எடுத்து அதில் வைத்தேன்.

அவள் உடனே ஏறவில்லை. "ஒரு பேச்சு வச்சுக்கலாம். வண்டிய விட்டு யாரு இறங்கினாலும் சாவிய உருவி அடுத்தவங்க கையில குடுக்கணும். சாவி கை மாறாம யாரும் வாரிப் பக்கம் போகக் கூடாது. நீங்களும்தான், நானும்தான்."

"தனியா இருந்தா?"

"தேடிக்கிட்டு வரணும்."

ஏறினாள். வலது கை மேலே எழாவிட்டால் என்ன, லீவர் எல்லாம் இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. இதை ஒரு வருஷமாக நான் யோசிக்கவே இல்லை. நான் வேலிக்குப் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வாரியைத் தூக்கினாள், திரும்பி இறக்கினாள். புல் நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாக எழுந்து வந்தது. வேலியைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள்!

கட்டுக்காரர் வந்து வயலைப் பார்த்துவிட்டு, "யாரு சார் ஓட்டினது? வரிசை இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார். "எங்க வீட்டுல" என்றேன். நானே ஓட்டியிருந்தால்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

மே 17, ஞாயிறு

மைத்துனன் வந்தான். ஐந்து கையிலும் விரல் திரும்பிய கதையை அவள் சொல்லிவிட்டாள். இனி ஆயுசுக்கும் நான் தப்ப முடியாது. "மச்சான், அக்காவப் பாத்தது போதும், ரோட்டையும் கொஞ்சம் பாருங்க" என்கிறான், நடந்து போகும்போதுகூட.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இரண்டாவது வெட்டு. மாலையில் தொழுவத்தில் கறந்துகொண்டிருந்தேன். வயலில் எஞ்சின் சத்தம் நின்றது. மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். அவள் வந்து, பால் ஈரமாக இருந்த என் கையில் சாவியை வைத்தாள்.

"சிக்கியிருக்கு. எடுத்துட்டு வரேன்."

போனாள். நான் சாவியை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கறந்தேன். வாளி நிறைவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். தலையெல்லாம் புல். கையை நீட்டினாள். கொடுத்தேன்.