நாடா திரும்பும் நொடி

கெசியா,

பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி இரண்டு வருடமும் அதையே உருப்போட்டால், பிள்ளைகள் தூங்காமல் என்ன செய்வார்கள் என்று சூலூர் பஸ்ஸில் முதலில் கேட்டது நீதான். தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் இயற்பியல் நடத்தலாம் என்றதும் நீதான். நான் நடத்தினேன்.

தினமும் தூங்கும் பிரீத்திகா ஸ்டாஃப் ரூம் வரை வந்து, "ஏனுங்க மிஸ், தறியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூல இழுத்துட்டு ஓடற நாடா, திரும்பற நொடியில வேகமே இருக்காதுங்களா?" என்றாள். கேட்டு நீயும் பூரித்தாய்.

நேற்று, பரீட்சைக்கு வராததை ஏன் நடத்தினீர்கள் என்று பிரின்சிபால் கேட்டதும், "எனக்குத் தெரியாதுங்க சார், அவங்களா செஞ்சுபோட்டாங்க" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

இனி அந்த வகுப்பு உனக்காம். பிரீத்திகா தூங்கினால் எழுப்பாதே. எழுந்தால் கேள்வி கேட்பாள்.

இதுவரை உன் பக்கத்து சீட்டுக்காரி