பேனரில் மூன்றாவது முகம்

அண்ணே,

இன்று காலையில் நெத்திலி காயப்போட உன் பேனரை விரித்தேன். நீ செத்தபோது தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர்தான். காற்றில் அறுந்து விழுந்ததை அம்மா கருவாட்டுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாள். நடுவில் நீ சிரிக்கிறாய். கீழே, பேனர் வைத்த ஐந்து பேர். மூன்றாவது முகம் தூண்டில் கடைக்காரனுடையது. கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். பத்து மாதமாக அந்த முகத்தின் மேல்தான் மீனை அதிகமாகக் கொட்டிவந்தேன். இன்று கொட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன்.

சங்கு குளிக்கப் போய் நீ காதுவலியோடு வந்த அன்று, முதல் மாத்திரையைக் கொடுத்தவன் அவன். "ரெண்டு போடுலே, வலி பறந்துரும்" என்றான். பறந்தது. பிறகு வலி இல்லாத நாளிலும் உனக்கு அது வேண்டியிருந்தது. நீ போக வெட்கப்பட்டு என்னை அனுப்பினாய். எட்டாம் வகுப்போடு நின்றவள், யாரிடமும் பேசாதவள், நான்தான் தோது. "ஏளா, நீ வாயத் தொறந்தா கடலே வத்திரும்லா" என்று தலையில் குட்டுவாய். கடையில் அவன், "ஊமச்சி வந்துட்டா" என்பான். தூண்டில் நரம்புச் சுருளுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறப்பான். காதுக்கு மருந்து என்றுதான் நான் வாங்கி வந்தேன்.

ஒரு நாள் டீ டம்ளர் உன் கையில் நிற்கவில்லை. "படகு ஆடுதுளா" என்றாய். நாம் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். நான் சிரித்தேன். நீ அழுதாய். அன்றைக்காவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் வலைக்கூடத்தில் உன்னை விறைத்துக் கிடக்கக் கண்டார்கள். முதல் மாலை அவனுடையது. "தங்கமான பய" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

நேற்று அவன் கடையில் மாத்திரை பிடிபட்டது. யாரோ வைத்துவிட்டார்கள் என்று சாதிக்கிறானாம். அவனிடம் வாங்கியதாகச் சொல்லத் தெருவில் ஒருவரும் போகவில்லை.

நான் போனேன். ஸ்டேஷனில் அவன் பெஞ்சில் இருந்தான்.

"யாரு குடுத்தா? பேரச் சொல்லும்மா" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

தரையையே பார்த்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"ஊமச்சி என்னத்த மேடம் சொல்லப் போறா" என்று அவன் சிரித்தான்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் பேனரைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் விரித்தேன். செதில் கொட்டியது; ஏட்டு மூக்கைப் பொத்தினார். நடுவில் நீ இருந்த இடம் ஓட்டை. அதற்குக் கீழே மூன்றாவது முகத்தில் விரலை வைத்தேன்.

அவன் சிரிப்பு நின்றது. எனக்குக் குரல் வந்தது. சுருள், டப்பா, அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும். அவன் கை நடுங்கியது. இரக்கமே வரவில்லை அண்ணே. இன்னும் நடுங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னேன், ஒன்றையும் விடாமல்.

பேனரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். கோர்ட்டிலும் வந்து சொல்ல வேண்டுமாம். வெட்டி எடுத்த உன் முகம் என் பைக்குள் இருக்கிறது, கருவாட்டு வாடையோடு. அதையும் கொண்டுபோவேன். அவன் முகத்தைப் பார்த்தே சொல்வேன்.

கடல் வத்தினால் வத்தட்டும்.