பிளாட்டினம் எங்கிருந்து வந்தது

மார்ச் 3
இன்றும் ஏறியிருக்கிறது. மாலிப்டினம் டைசல்பைடு ஏடு ஒன்று, அதன்மேல் கிராஃபீன் ஏடு ஒன்று. சில அணுக்களே கனமுள்ள இரண்டையும் சேர்த்துக் கலத்திலுள்ள அமிலத்தில் இறக்கி மின்சாரம் கொடுத்தால் ஹைட்ரஜன் குமிழ் குமிழாக வருகிறது. வரட்டும். ஆனால் நாளுக்கு நாள் கூடுதலாக ஏன் வருகிறது? உழைக்க உழைக்கத் தெம்பாகிற வினையூக்கி உண்டா? பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "கட்டுரையை எழுத ஆரம்பிச்சுடும்மா" என்கிறார்.

மார்ச் 5
காலையில் பக்கத்து மேசை அக்கா என் கலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஏறுதாடி?" சாதாரணமாகத்தான் கேட்டாள். சாதாரணமாகவா?

அவள் ஆராய்ச்சியே பிளாட்டினம்தான். ஹைட்ரஜனை வரவழைப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. அவள் பிளாட்டினக் கரைசலில் ஒரு துளி என் கலத்தில் விழுந்தால் போதும், குமிழ் பொங்கும். நான் ஊரெல்லாம் தண்டோரா போட்ட பிறகு யாராவது சோதித்துப் பார்த்தால் என் பெயர் நாறிவிடும். அவள் கட்டுரை போன மாதம்தான் வேண்டாமென்று திரும்பி வந்தது.

மார்ச் 6
கலத்தின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். வீட்டில் சொன்னால் இவர் சிரிக்கிறார். "நகைக்கடையிலகூட இவ்வளவு காவல் கிடையாது."

மார்ச் 9
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏட்டின்மேல் பொட்டுப் பொட்டாகப் பிளாட்டினம். நினைத்தேன், அப்போதே நினைத்தேன்! டேப் கிழியவில்லைதான். அவளுக்கா வழி தெரியாது? நேரே போய்ப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அக்கா சாமான்களை அள்ளிக்கொண்டு கீழ்த்தள அறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 12
புது ஏடு, புது அமிலம், புதுக் கலம். பூட்டிய அறை. சாவி என் பையில்.

ஏறுகிறது.

மார்ச் 13
ஏன்டி, உன் புத்தி எங்கடி போச்சு? கலத்தில் மின்சுற்றை முடிக்க எதிர்முனையாக நானே தொங்கவிட்டிருப்பது என்ன? பிளாட்டினம் கம்பி! மின்சாரம் பாயப் பாய அது அமிலத்தில் கரைந்து என் ஏட்டில் வந்து படிந்திருக்கிறது. எல்லாரும் போடுகிறார்களே என்று நானும் போட்டேன். திருடனை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே டேப் ஒட்டியிருக்கிறேன்.

பேராசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கரிக்கம்பி போட்டு மறுபடி பாரு. அது அவகிட்டதான் இருக்கு."

மார்ச் 14
கீழ்த்தளம் வரை போனேன். கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டேன்.

மார்ச் 16
பேராசிரியர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கரிக்கம்பியை அக்காவே கொண்டுவந்து மாட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் கோடு சரிந்தது. ஏடுகள் சேர்ந்து நிஜமாகத் தருவது, தனித்தனியாகத் தருவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கட்டுரையை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

"குறைஞ்சுபோச்சே" என்றாள் அக்கா. "இதுக்கும் நான்தான் காரணமா?"