எனக்கு நீ வைத்திருந்த ரிங்டோன்

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. "உங்கம்மா கூப்புடறாங்க பாரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ போய் ஏழு மாதமாகியும் இந்த வாய்க்குப் புத்தி வரவில்லை.

ஆளுக்கொரு சத்தத்தைப் போனில் பதிவுசெய்து ரிங்டோனாக வைப்பாயே. உன் அம்மாவுக்குக் குக்கர் விசில். சூப்பர்வைசருக்குக் கம்பெனிச் சங்கு. எளாவூர்ப் பக்கம் லாரி ஓட்டும் உன் தம்பிக்கு அவன் ஹாரன். எனக்கு மட்டும் என்னவென்று தெரியாது. நான் கூப்பிடும்போது உன் பக்கத்தில் நான் இருப்பதில்லையே!

ஒரு நாள் கும்மிடிப்பூண்டி மில் கேன்டீனிலிருந்து கூப்பிட்டேன். நீ 'அலோ' சொல்வதற்குள் உன்னோடு பேக்கிங்கில் நிற்கும் பெண்களின் சிரிப்பு கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய் குரைக்கிற சத்தம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டில் குளியலறைக்குள் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். நீயோ சைலன்ட்டில் போட்டிருந்தாய். சந்தேகம் இரண்டு மடங்கானது.

"எனக்கு இன்னா டோன் வெச்சிக்கிற? நாய்தானே?"

"யோவ், அது நீ கேக்கறதுக்கு இல்ல. நான் கேக்கறதுக்கு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து வேலையிலிருந்து உனக்குப் போன் செய்யவே இல்லை. ஏனென்று கேட்டாய், முறுக்கிக்கொண்டேன். அப்படியே மூன்று மாதம். பிறகு காய்ச்சலென்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. பாவி நான்.

உன் போனை மகள்தான் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறாள். கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாயாகவே இருந்துவிட்டால்? இன்று குக்கர் அடங்கியதும் கூப்பிட்டேன்.

என் பழைய பைக் இருமிக்கொண்டே வருகிறது. நிற்கிறது. சைடு ஸ்டாண்டு கிறீச்சிடுகிறது. உடனே உன் குரல், கிசுகிசுப்பாக: "சும்மா இருடி, அப்பா வந்துட்டாரு."

அந்த இருமலுக்குத்தான் அன்றைக்கு அவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அப்போதும் நான் நம்பவில்லை, தெரியுமா? சண்டைக்குப் பிறகு மாற்றியிருப்பாயோ என்று, பதிவின் தேதியை மகளைப் பார்க்கச் சொன்னேன். நீ போன் வாங்கிய வாரத்துத் தேதி. அப்புறம்தான் அழுதேன்.

மகள் தன் போனோடு நின்றுகொண்டிருந்தாள். "நீ எனக்கு இன்னா டோன் வெச்சிக்கிற?" என்றேன். சிரித்தாள், உன்னை மாதிரியே. நான் திரும்பக் கேட்கவில்லை.