மக்ரூன் கடையில் ஒரு ஜெபம்

தூத்துக்குடி
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈவாஞ்சலின் எழுதுவது. போனில் பேசக்கூடாது, வாட்ஸப்பும் கூடாது என்று இரண்டு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள். தபாலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதினிக்குக் கால்வலி தேவலையா?

என் நகையெல்லாம் விற்று உங்கள் முந்திரி மக்ரூன் கடையை வாங்கினேன். பத்திரத்தில் கடையும் அடுப்பும் மட்டும்தான். ஆனால் சாவி கொடுத்த அன்று நீங்கள் ஜெபம் பண்ணினீர்கள். "ஆண்டவரே, கடையைத் தங்கச்சி கையில கொடுத்துட்டேன். இனி நானும் எம்பிள்ளையளும் இந்த ஊர்ல மக்ரூன் போட மாட்டோம்" என்றீர்கள். அதை நம்பித்தான் ஆமென் சொன்னேன். இப்போது உங்கள் மகன் ஜெபின் எதிர் வரிசையிலேயே மக்ரூன் போடுகிறான்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபித்தால் போதும் என்கிறார் என் வக்கீல். அதைக் கேட்டது நானும் மதினியும்தான். ஜெபத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று கோவிலில் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கே கூச்சமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை
ஈவா

சாயர்புரம்
16.9.2024

ஈவாவுக்கு,

மதினிக்குத் தேவலை. ஜெபினுக்குத் துபாயில் வேலை போய்விட்டது, கைக்குழந்தை வேறு. தெரிந்தது இந்த ஒரு தொழில்தான். "அது ஆண்டவர்ட்ட சொன்னது, அத்தைட்ட சொன்னதில்லன்னு சொல்லிருங்கப்பா" என்கிறான். வக்கீலும் அதையே சொல்லுகிறார். புதன்கிழமை கூண்டில் ஏறுகிறேன். என்னைக் கோபிக்காதே.

அண்ணன்

சாயர்புரம்
23.9.2024

ஈவா,

"அது ஜெபம்தான்யா, ஒப்பந்தம் இல்ல" என்று நான் சொன்னபோது நீ பின்பெஞ்சில் இருந்தாய். உன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று ஆராதனையில் போதகர் வழக்கம்போல என்னை ஜெபிக்கக் கூப்பிட்டார். எழுந்து கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. சபை முழுவதும் கண்மூடிக் காத்திருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது ஈவா.

அன்றைக்குச் சொன்னது உனக்குச் சொன்னதுதான். உன் காதில் விழவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். ஆண்டவருக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் கொடு. முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சா. ஜேசுபாதம்

தூத்துக்குடி
30.9.2024

அண்ணனுக்கு,

கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தேன். இனி ஜெயித்துவிடலாம் என்கிறார் வக்கீல்.

ஜெபினை எதிர்க்கடையை மூடச் சொல்லுங்கள். அவன் அடுப்பை நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். மனமிருந்தால் என் கடைக்கே வேலைக்கு வரட்டும், அத்தை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இங்கே சாப்பிட வாருங்கள். மதினியையும் ஜெபின் பிள்ளையையும் விட்டுவிட்டு வராதீர்கள். எப்போதும்போல நீங்கள்தான் முதலில் உட்கார வேண்டும்.

ஜெபம் மட்டும் நானே பண்ணிக்கொள்கிறேன்.

ஈவா